பின்னால் நடக்க ஒரு கரை

தாசில்தார் நேரில் பார்க்க வருகிறார் என்று தெரிந்ததும் சந்தியாகுதுறைக்காரர்கள் செய்த முதல் வேலை கடற்கரையைப் பெருக்கியதுதான்.

அவர்களுக்குத் தெரிந்த பெரிய வரவேற்பு பிஷப் ஆண்டகைக்குக் கொடுக்கிற வரவேற்பு. ஆண்டகை பிள்ளைகளுக்கு உறுதிபூசுதல் சடங்கு செய்ய வரும்போது என்ன செய்வார்களோ அதையே தாசில்தாருக்கும் செய்தார்கள். வள்ளங்களைத் தள்ளிக்கொண்டு போய்க் கோவிலுக்குப் பின்னால் மறைத்து நிறுத்தினார்கள். காய்ந்துகொண்டிருந்த வலைகளைச் சுருட்டி வீட்டுக்குள் திணித்தார்கள். கருவாட்டுப் பாய்களைக் குசினிப் பக்கம் ஒதுக்கினார்கள். மீன் செதில், நண்டு ஓடு, அறுந்த கயிறு எல்லாவற்றையும் பெண்கள் வாரிக் குழிவெட்டிப் புதைத்தார்கள். அன்றைக்கு யாரும் கடலுக்குப் போகக் கூடாது என்று ஊர்க் கமிட்டித் தலைவர் வில்பிரட் கட்டளை போட்டார். அவர் தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டும் சப்பாத்தும் போட்டுக்கொண்டு, பனையோலைத் தோரணம் கட்டின வளைவுக்கு அடியில் காலையிலிருந்து நின்றார்.

தாசில்தார் சிவனணைந்தபெருமாள் ஜீப்பில் வந்தார். மாலையை வாங்கிக்கொண்டார். பேண்டு செட் வாசித்ததைக் கேட்டார். கலர் சோடா குடித்தார். பிறகு கரையில் இறங்கி வடக்கே ஒரு தடவை, தெற்கே ஒரு தடவை பார்த்தார். பெருக்கின மணல். ஒரு வலை இல்லை, ஒரு வள்ளம் இல்லை, ஒரு ஆள் இல்லை. எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அது 1974. புதுத் துறைமுகத்துக்குக் கப்பல் வர ஆரம்பித்திருந்தது. அதை ஒட்டி அனல்மின் நிலையம் வரப்போகிறது என்று ஊருக்கு ஊர் பேச்சு. நிலக்கரியை எரித்தால் சாம்பல் மிஞ்சும், சாம்பலைக் கொட்ட இடம் வேண்டும். சந்தியாகுதுறைக் கடற்கரை சர்க்கார் புறம்போக்கு. அதைச் சுற்றிக் கரை கட்டி சாம்பல் குளம் ஆக்கலாமா என்று பார்க்கத்தான் தாசில்தார் வந்திருந்தார்.

அவர் போன கொஞ்ச நாளில் சர்வே ஆட்கள் வந்து, அலை நனைக்கிற இடத்திலிருந்து நாற்பது அடி விட்டு, கடலுக்கு இணையாக வரிசையாகக் கல் நட்டார்கள். பஞ்சாயத்து போர்டு சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'உபயோகத்தில் இல்லாத கடற்கரைப் புறம்போக்கு' என்று அதில் இருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் தாலுகா ஆபீசில் நேரில் சொல்லலாம் என்றும் இருந்தது.

நோட்டீசை வாசித்துக் காட்டியதும் பிளாரன்ஸ் வில்பிரட்டைத்தான் திரும்பிப் பார்த்தாள்.

"பெருக்குங்க, பெருக்குங்கன்னியளே அண்ணாச்சி. இப்ப ஊரையே பெருக்கித் தள்ளப் பாக்கானுவ."

அன்று சாயங்காலத்துக்குள் வில்பிரட்டுக்குத் 'தோரணம்' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது.

பிளாரன்சுக்கு நாற்பது வயது இருக்கும். புருஷன் ரோச், கரைவலைக்குத் தண்டல். வள்ளத்தில் நின்று எங்கே வலை வளைக்க வேண்டும் என்று சொல்கிறவன். கரையில் நின்று இழுக்கிறவர்களுக்கு அவள்தான் தண்டல். யாரும் அவளை நியமிக்கவில்லை. குரல் இருந்தது, தோள் இருந்தது, அதனால் ஆனாள்.

கரைவலை என்பது வேறு வலை மாதிரி இல்லை. கயிற்றின் ஒரு நுனியைக் கரையில் விட்டுவிட்டு வள்ளம் கடலுக்குள் போகும். அங்கே வலையை வளைத்துப் போட்டுவிட்டு மறு நுனியோடு தள்ளி வந்து கரை சேரும். வடக்குக் கயிற்றுக்கு ஒரு கூட்டம், தெற்குக் கயிற்றுக்கு ஒரு கூட்டம். கடலைப் பார்த்து நின்று, கயிற்றைப் பிடித்து, பின்னாலேயே நடந்து இழுக்க வேண்டும். கடற்கரை ஏறி உடைமரக் காடு வரைக்கும் பின்னால் நடப்பார்கள். கடைசி ஆள் உடைமரத்தைத் தொட்டதும் கயிற்றை விட்டுவிட்டு ஓடி, தண்ணீர் ஓரத்தில் முதல் ஆளாக மறுபடியும் பிடிப்பான். இப்படியே சுற்றிச் சுற்றி இரண்டு மூன்று மணி நேரம். நாற்பது அடிக்குள் பின்னால் நடந்து இழுக்க முடியாது. காலை ஊன்றுவதற்குள் இடம் முடிந்துவிடும்.

வலை சந்தியாகுதுறைக்காரர்களுடையது. இழுப்பவர்கள் அவர்கள் மட்டுமில்லை. ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். உடைமரக் காட்டுக்கு அந்தப் பக்கத்து உப்பளத் தொழிலாளர்கள் பிள்ளைகளை இடுப்பில் இடுக்கிக்கொண்டு கயிறு இழுக்க வந்துவிடுவார்கள். கயிற்றில் கை வைத்த எவருக்கும் மீனில் பங்கு உண்டு. எந்த ஊர், எந்தச் சாமி என்று கேட்பதில்லை. வழியோடு போகிறவன் வந்து பிடித்தாலும் உண்டு. மழைக்காலம் முழுக்க அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கயிற்றால்தான்.

ஆட்சேபணை சொல்லும் நாளில் ஒரு பஸ் நிறைய ஆட்கள் தூத்துக்குடிக்குப் போனார்கள். வில்பிரட்டும் போனார், இந்தத் தடவை கோட்டு இல்லாமல். உப்பள ஆட்கள் சார்பில் ஆறுமுகத்தாய் வந்தாள். தலையில் உப்புப் பெட்டி சுமந்து சுமந்து உச்சியில் முடி தேய்ந்துபோன பெண்பிள்ளை.

தாசில்தார் பொறுமையாகத்தான் கேட்டார்.

"அம்மா, நான் கேட்டதை எழுதுறவன் இல்ல. கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன். நான் வந்தன்னைக்கு உங்க கரையில ஒரு காக்கா கூட இல்ல."

"ஐயா வாரிகன்னுதான் எல்லாத்தையும் அப்புறப்படுத்தினோம். உங்க மரியாதைக்கு" என்றார் வில்பிரட்.

தாசில்தார் தாமிரபரணிப் பாசனத்து ஊர்க்காரர்.

"எங்க ஊருக்கு அதிகாரி வாராருன்னா வெளைஞ்ச பயிரைக் காட்டுவாங்க. நீங்க பயிரைப் பிடுங்கி எறிஞ்சிட்டுல்லா வயலைக் காட்டியிருக்கிய!"

ஆபீசே சிரித்தது. ஆறுமுகத்தாயும் சிரித்துவிட்டாள். பிளாரன்ஸ் சிரிக்கவில்லை.

"தப்புதான் ஐயா. இன்னொருக்க வாங்க."

"நாள் சொல்லி வந்தா ஆளைக் கூட்டி வந்து நிறுத்துவிய. இல்லன்னு எப்படித் தெரியும் எனக்கு?"

"சொல்லாம வாங்க. நாங்க எங்கயும் ஓடிரல, அங்கனதான் கெடப்போம். ஞாயிறு மட்டும் வேண்டாம், பூசைக்குப் போயிருவோம்."

தாசில்தார் பேனாவை மூடினார். "சரி. கார்த்திகை முடியறதுக்குள்ள ரிப்போர்ட் அனுப்பணும். அதுக்கு முன்ன ஒருநாள் வருவேன். அன்னைக்கு என்ன பாக்கேனோ அதுதான் எழுத்து. அப்புறம் என்கிட்ட அழக் கூடாது."

"அழ மாட்டோம். இன்னொண்ணு ஐயா. உடைமரத்துக்கு மேற்க ஒரு பெரிய அளம் பாழாக் கெடக்கே, அதுவும் சர்க்கார் நெலந்தான? அதுல கொட்டுனா என்ன சாம்பலை?"

"அது குத்தகை நிலம். தவணை முடிஞ்சு புதுப்பிக்கக் கேட்டிருக்காங்க. அளம் நடப்புல இருக்குன்னு சொல்லுதாங்க."

"நடப்புலயா? அதுல குள்ளநரிதான் ஐயா நடக்கும்" என்றாள் ஆறுமுகத்தாய். பத்து வருஷத்துக்கு முன்னால் அடித்த புயலில் கரை உடைந்து கடல் புகுந்த அளம் அது. அதற்குப் பிறகு அங்கே ஒரு பாத்தியில்கூட உப்பு எடுத்ததில்லை.

"அன்னைக்கே அதையும் பாக்கேன்" என்றார் தாசில்தார்.

ஆபீசில் பேசின பேச்சு அவர்கள் வீடு வந்து சேரும் முன்னே அந்தக் குத்தகை அளத்து முதலாளிக்குப் போய்விட்டது. மறுநாளே அவருடைய கணக்கப்பிள்ளை ராஜதுரை சைக்கிளில் கிளம்பி உப்பளத் தொழிலாளர் குடியிருப்பில் வீடு வீடாக நின்றான். உடைந்த கரையைக் கட்ட வேண்டும், பாத்தி வெட்ட வேண்டும், உடனே ஆள் வேண்டும், வழக்கமான கூலியைவிடக் கூட, அன்றாடம் கையில். முதலாளிக்கு ஒரே செலவில் இரண்டு காரியம். தாசில்தார் வருகிற அன்றைக்கு அளத்தில் ஆள் இருக்கும். கடற்கரையில் ஆள் இருக்காது.

ஆறுமுகத்தாய் இதைத் தானே வந்து பிளாரன்சிடம் சொன்னாள். வாசலில் நின்றபடியே சொன்னாள்.

"நாளையிலருந்து எங்காள் யாரும் கயித்துக்கு வர மாட்டாவ அக்கா."

"எதுக்குன்னு எனக்குத் தெரியும். எவன் கூப்பிடுதான்னும் தெரியும். உனக்குமா தெரியல?"

"தெரியாம என்ன."

"தெரிஞ்சுமா போறிய? கரை போயிட்டா அடுத்த மழைக்கு எங்கன போய் நிப்பிய? ராஜதுரை வீட்டு வாசல்லயா?"

"அடுத்த மழை அடுத்த வருசம் வரும். பிள்ளைக இன்னைக்குல்லா பசின்னு சொல்லுது. உன் வலையில நாலஞ்சு நாளா என்ன விழுந்துச்சு, சொல்லு? சொறிமீனும் பாசியும். அதைப் பங்கு போட்டுக் கொண்டுபோய் நான் எதுல ஆக்க?"

பிளாரன்ஸ் வாயில் ஒரு கெட்ட வார்த்தை வந்தது. சொல்லியும்விட்டாள். ஆறுமுகத்தாய் அதை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனாள். அவள் சொன்னதில் பொய் இல்லை என்பது பிளாரன்சுக்குத் தெரிந்துதான் இருந்தது. அது தெரிந்ததால் வந்த கோபம் வேறு.

கடல் அந்த நாட்களில் ஒன்றும் கொடுக்கவில்லை. ஆனால் தினமும் வலை வளைத்தார்கள். வளைக்காமல் ஒருநாள் இருந்து, அன்றைக்குப் பார்த்துத் தாசில்தார் வந்துவிட்டால்? கயிற்றுக்கு ஆள் பற்றவில்லை. ஒவ்வொரு கயிற்றிலும் முன்பு நின்றதில் பாதிகூட இல்லை. இருந்தவர்கள் பெண்களும் கிழடுகளும். பின்னால் நடக்கும்போது சர்வே கல்லில் குதிகால் இடித்து ஒவ்வொருத்தருக்கும் ரத்தம். கல்லைப் பிடுங்கி எறியலாம் என்று ஒருத்தன் சொன்னான். ரோச் வேண்டாம் என்றான்: "சர்க்கார் கல்லுல கைய வச்சா, அதுக்கப்புறம் பேச்சு கரையைப் பத்தி இருக்காது, கல்லைப் பத்தித்தான் இருக்கும்." கல் இருந்தது. குதிகால் உடைந்தது.

ஆச்சரியம் வில்பிரட்தான். ஒருநாள் காலையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து தெற்குக் கயிற்றில் நின்றார். பேனா பிடித்த கை. முதல் நாளே உள்ளங்கை இரண்டும் பொத்துவிட்டது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு வந்தார்.

"தோரணத்தார் கயிறு பிடிச்சா வலையில மாலைதான் விழும்" என்று ஒரு கிழவன் சொன்னான்.

"விழட்டும் வே. மொதல்ல உம்ம கழுத்துல போடுதேன்" என்றார் வில்பிரட். அதற்கப்புறம் அவரை யாரும் அதிகம் சீண்டவில்லை.

கார்த்திகை பாதி தாண்டியது. ஒரு காலை, மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. கரையிலிருந்து பார்த்தாலே தெரிந்தது. கடலுக்கு மேலே பறவைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி எழுந்தன. தண்ணீர் கறுத்து, அங்கங்கே கொதிக்கிற மாதிரி இருந்தது. ரோச் வள்ளத்தில் எழுந்து நின்று தலைப்பாகையைச் சுழற்றினான். சாளை. கூட்டமாகச் சாளை மீன்.

வளைத்துப் போட்டார்கள். இழுக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே கயிறு விறைத்துக் கம்பி மாதிரி ஆனது. வலை அவ்வளவு கனம். கனம் நல்லதுதான், ஆனால் நீரோட்டம் வடக்கே இழுத்தது. வடக்கே தண்ணீருக்கடியில் கல்பாறை இருந்தது. தெற்குக் கயிறு தொய்ந்தால் வலை பாறையில் போய் மாட்டிக் கிழியும். மீனும் போகும், வலையும் போகும். வேறு வலை ஊரில் இல்லை.

"தெக்க விடாதிய! கால ஊனு! ஏளா, ஒக்காராத! இழு!" பிளாரன்ஸ் தொண்டை கிழியக் கத்தினாள்.

அப்போதுதான் ஜீப் வந்தது.

வில்பிரட்டின் ஒரு கை கயிற்றை விட்டு, தானாகவே சலாம் போட நெற்றிக்குப் போனது.

"அண்ணாச்சி! கைய எடுத்திய, அப்புறம் வயசுன்னு பாக்க மாட்டேன்!"

கை கயிற்றுக்குத் திரும்பியது. அவ்வளவுதான் அன்றைக்குத் தாசில்தாருக்குக் கிடைத்த வரவேற்பு. மாலை இல்லை, கலர் இல்லை, ஒரு வாங்க என்ற வார்த்தைகூட இல்லை. ஒருத்தர் முகமும் அவர் பக்கம் திரும்பவில்லை. டிரைவர் ஓடி வந்தான்.

"ஏய், யாரு வந்திருக்கான்னு தெரியுதா? ஐயா நிக்காரு!"

"நிக்கட்டும். நாங்களும் நின்னுக்கிட்டுத்தான இருக்கோம். பேசணும்னா இங்கன வந்து பிடிச்சுக்கிட்டே பேசச் சொல்லு" என்றாள் பிளாரன்ஸ், திரும்பாமலே.

கயிறு வழுக்கியது. தெற்குக் கூட்டம் மொத்தமும் நின்ற வாக்கிலேயே கடலைப் பார்த்து இழுபட்டது. மணலில் கால்கள் பள்ளம் பறித்துக்கொண்டு போயின. முன்னால் நின்ற கிழவி இடுப்பளவு தண்ணீரில் இறங்கிவிட்டாள்.

"போச்சு! வலை போச்சு! ஐயா, நீங்கதான்! என்னத்த பாத்துக்கிட்டு நிக்கிய? வந்து பிடிங்க! ஏலே டிரைவர், நீயும் வால!"

தாசில்தாரை அந்தத் தொனியில் இதற்கு முன் அவருடைய அம்மா கூப்பிட்டிருக்கலாம். அவர் சப்பாத்தை உதறினார். பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டினார். வில்பிரட்டுக்குப் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். டிரைவர் அவருக்குப் பின்னால். கயிறு நின்றது. பிறகு ஒரு முழம் வந்தது. இன்னொரு முழம்.

"பின்னால நடங்க ஐயா! கையால இழுக்காதிய, காலால இழுங்க!"

தாசில்தார் நடந்தார். மூச்சு வாங்கியது. கண்ணாடியில் உப்புத் தண்ணீர் தெறித்து ஒன்றும் தெரியவில்லை. இன்னும் பின்னால், இன்னும் பின்னால் என்று நடந்து, சர்வே கல்லில் குதிகால் இடிபட்டுப் பின்பக்கமாக மணலில் தொபுக்கென்று விழுந்தார்.

சிரிக்கிற நேரமில்லை. ஆனாலும் கயிறு முழுக்கச் சிரித்தது. தண்ணீரில் நின்ற கிழவிகூடச் சிரித்தாள். டிரைவர் மட்டும் பயத்தில் உறைந்து நின்றான்.

தாசில்தார் உட்கார்ந்தபடியே கல்லைப் பார்த்தார். வரிசையாக நின்ற மற்றக் கற்களைப் பார்த்தார். கல் ஒவ்வொன்றிலும் காய்ந்த ரத்தக் கறை இருந்தது. அதைத் தாண்டிப் பின்னால், உடைமரம் வரைக்கும், மணல் முழுக்க மிதிபட்டுக் கிடந்தது. எழுந்து, கல்லைச் சுற்றிக்கொண்டு போய், மறுபடியும் கயிற்றைப் பிடித்தார்.

இரண்டு பேர் கூடியும் வலை கொஞ்ச தூரம் வந்து நின்றதே தவிர, அதற்கு மேல் வரவில்லை. நீரோட்டம் விடவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் கை சோர்ந்துவிடும், எல்லாருக்கும் தெரியும். பிளாரன்சின் குரலும் கட்டிக்கொண்டது.

உடைமரக் காட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

அளத்துக் கரையில் மண் சுமந்துகொண்டிருந்தவர்கள் பறவைகளைக் காலையிலேயே பார்த்திருந்தார்கள். பார்த்தும் பாராத மாதிரி சுமந்தார்கள். ஆனால் உயரத்தில் நின்ற ஆறுமுகத்தாய்க்குத் தெற்குக் கயிறு கடலுக்குள் இழுபட்டது தெரிந்தது. அவள் தலையிலிருந்த மண் பெட்டியை அப்படியே கீழே தள்ளினாள். "வலை போகுதுல, வாங்க!" என்று ஒரே ஒரு சத்தம். வேறு பேச்சு இல்லை. மண்வெட்டி விழுந்தது, பெட்டிகள் உருண்டன. ஆணும் பெண்ணுமாக அந்தக் கூட்டம் முள்ளுக்குள் புகுந்து, முள் கிழித்ததைப் பார்க்காமல், கரையில் வந்து கொட்டியது. பாதி வடக்குக் கயிற்றுக்கு, பாதி தெற்குக் கயிற்றுக்கு. பிரித்துவிட வேண்டிய அவசியமே இல்லை.

ஆறுமுகத்தாய் பிளாரன்சுக்கு அடுத்து வந்து பிடித்தாள்.

"என்னமோ திட்டினியே அன்னைக்கு, இப்ப சொல்லு பாப்போம்."

"இழுளா மொதல்ல. அப்புறமா இன்னும் நல்லா சொல்லுதேன்."

அதற்கப்புறம் வலை வந்தது. இரண்டு கயிறும் ஒரே மூச்சில், ஏலா ஏலா என்று, உடைமரம் வரைக்கும் பின்னால் நடந்து, ஓடி, மறுபடி பிடித்து. வடக்குக் கூட்டமும் தெற்குக் கூட்டமும் நெருங்கி நெருங்கி ஒன்றாகின. மீன் சேர்ந்த வலையின் மடி அலைக்குள் வெள்ளையாகத் தெரிந்தது. வலைக்குக் காவலாகப் பின்னால் வந்த வள்ளத்திலிருந்து ரோச் குதித்து நீந்தியே வந்துவிட்டான். மடி கரையேறியபோது வெள்ளிக் காசைக் கொட்டின மாதிரி இல்லை. காசு அசையாமல் கிடக்கும், இது உயிரோடு துள்ளியது. முழங்காலுக்கு மேல் மீன். சிறுசுகள் அதற்குள் விழுந்து புரண்டன. கெட்ட வார்த்தை, சிரிப்பு, செபம் மூன்றும் ஒரே வாயிலிருந்து வந்தன. வில்பிரட் கையில் சுற்றின துணி ரத்தத்தில் நனைந்திருக்க, மீனுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதார்.

ராஜதுரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மணலில் மூச்சிரைக்க வந்து சேர்ந்தான். தாசில்தாரைத் தலை முதல் கால் வரை ஈரமும் மணலுமாகப் பார்த்தும் அவனுக்கு உறைக்கவில்லை, அவ்வளவு ஆத்திரம்.

"நல்ல நேரத்துல வந்திய ஐயா! நீங்களே கேளுங்க. வேலை நேரத்துல என் ஆளையெல்லாம் இழுத்துட்டுப் போயிட்டா இந்தப் பொம்பளை!" என்று ஆறுமுகத்தாயைக் கை காட்டினான்.

"என்ன வேலை?" என்றார் தாசில்தார்.

"அளம் வெட்டுதோம் ஐயா. பாத்தி, வரப்பு எல்லாம்."

தாசில்தார் வானத்தைப் பார்த்தார். கிழக்கே அடுத்த மழை கருக்கட்டி நின்றது.

"கார்த்திகை மழையிலயா அளம் வெட்டுவாங்க?"

ராஜதுரைக்காக ஆறுமுகத்தாய் பதில் சொன்னாள்: "தை பொறக்கணும் ஐயா. இப்ப வெட்டுறது இன்னைக்கு ராத்திரி கரைஞ்சிரும். நாளைக்கு மறுபடி வெட்டுவோம். கூலி குடுத்தாவ, வெட்டினோம். எங்களுக்கென்ன, மண்ணைச் சுமன்னா சுமப்போம்."

"வாங்க, அதையும் பாத்திருவோம்" என்று தாசில்தார் வெறுங்காலோடு உடைமரப் பக்கம் நடந்தார். ராஜதுரை பின்னால் போனான். தாசில்தார் திரும்பி வந்தபோது அவன் சைக்கிள் மட்டும் தனியாக நின்றது. அவன் வேறு வழியாகப் போய்விட்டிருந்தான்.

அதற்குள் மீனைப் பங்கு பிரித்துக் குவியல் குவியலாகப் போட்டிருந்தார்கள். பிளாரன்ஸ் இரண்டு குவியலைக் காட்டினாள்.

"இது டிரைவர் பங்கு. இது ஐயா பங்கு."

"அதெல்லாம் நான் வாங்கக் கூடாதும்மா."

"லஞ்சம்னு நெனைக்கியளோ? கயித்துல கை வச்சா பங்கு. விழுந்து எந்திரிச்சிய, அதுக்கே ஒரு பங்கு சேத்துப் போடணும்."

"அதுக்கில்ல." தாசில்தார் குரலைத் தாழ்த்தினார். "நான் சைவம்."

கரை அதிர்ந்தது. ரோச் மணலில் குப்புற விழுந்து சிரித்தான். தாசில்தாரும் சிரித்தார். பிறகு தன் குவியலை ஆறுமுகத்தாய் பக்கம் காலால் நகர்த்தப் போய், அது மரியாதை இல்லையென்று தோன்றியதோ என்னவோ, குனிந்து இரண்டு கையாலும் அள்ளி அவள் பெட்டியில் போட்டார். இத்தனை வயதில் அவர் மீனைத் தொட்டது அதுதான் முதல் தடவையாக இருக்கும். டிரைவர் தன் பங்கை யாருக்கும் கொடுக்கவில்லை.

போகும்போது பிளாரன்ஸ் ஜீப் பக்கம் போய்க் கேட்டாள்.

"என்ன எழுதுவிய ஐயா?"

"பாத்ததத்தான்" என்றார்.

எழுதினார். தை கடைசியில் கலெக்டர் ஆபீஸ் உத்தரவு வந்தது. அலை ஓரத்திலிருந்து உடைமரம் வரைக்கும் கரைவலை இழுக்கும் தளம், ஊர்ப் பொது உபயோகத்துக்கு நிரந்தரமாக ஒதுக்கியது. சாம்பல் குளத்துக்குக் குத்தகை தீர்ந்த பாழ் அளத்தை எடுத்துக்கொள்வது. தண்டோராக்காரன் சந்தியாகுதுறையிலும் உப்பளக் குடியிருப்பிலும் இரண்டு இடத்திலும் கொட்டடித்துச் சொன்னான். கோவிலில் மணி அடித்தார்கள். ஆறுமுகத்தாயின் ஆட்கள் அம்மன் கோவிலில் பொங்கல் வைத்தார்கள். இரண்டு பக்கத்துச் சோறும் இரண்டு பக்கமும் போனது.

அந்த வாரம் திட்ட ஆபீஸ் என்ஜினீயர் சுந்தர்சிங் ஊர்க் கூட்டத்துக்கு வந்தார். நாசரேத் பக்கத்து இளைஞர், மெதுவாகப் பேசினார். குளத்துக்குக் கரை கட்ட ஆள் வேண்டும், இந்த ஊர்க்காரர்களுக்கே வேலை தருகிறோம் என்றார். பிறகு, "இனி உங்களுக்கு எங்க மேல ஒண்ணும் குறையில்லயே?" என்று கேட்டார்.

"ஏன் இல்ல?" என்று பிளாரன்ஸ் எழுந்தாள். "மேக்காத்து அடிச்சா அந்தச் சாம்பல் எங்கன வரும்? எங்க கருவாட்டு மேல வரும். அதுக்குத் தண்ணி தெளிக்க வழி சொல்லுங்க. அப்புறம், வேலைக்கு எங்காள் வருவாவ. அளத்தாளும் வருவாவ. ஆனா மீன் தெரிஞ்ச அன்னைக்கு வர மாட்டாவ, கூலியைப் பிடிக்கக் கூடாது. மூணாவது, இம்புட்டுக் கரண்டு எடுக்கப் போறிய. மெட்ராசுக்குப் போகும், மில்லுக்குப் போகும். எங்க ஊருல இன்னும் ஒரு கம்பம் நடல. எப்ப நடுவிய?"

சுந்தர்சிங் மெதுவாக இழுத்தார்.

"அதை நான் மேலிடத்துல கேட்டுத்தான்..."

"கேளுங்க. நாங்க அவசரப்படல. நீங்க பதிலோட வார வரைக்கும் கூட்டம் முடியல, அவ்வளவுதான்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

ஆறுமுகத்தாய் அவள் காதில் ஏதோ சொன்னாள். பிளாரன்ஸ் மறுபடி எழுந்தாள்.

"நாலாவது ஒண்ணு விட்டுப்போச்சு. அளத்துக் குடியிருப்புக்கும் சேத்து ரெண்டு ஊருக்குக் கம்பம்."

சுந்தர்சிங் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.